ரிப்பேர் முடிந்து வந்த காரில் ஆயில் சொட்டுகிறதா? லீக்கைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

காரை சர்வீஸில் இருந்து எடுத்து வந்த இரண்டாம் நாள், பார்க்கிங் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மெக்கானிக்குக்கு போன் போட்டால், "வேலை பார்க்கும்போது சிந்தின ஆயில் சார், ரெண்டு நாள் ஓடினா நின்னுடும்" என்பார். பல நேரம் அது உண்மைதான். ஃபில்டரைக் கழற்றும்போது கொஞ்சமாவது ஆயில் அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்திலும் பிளாஸ்டிக் கவரிலும் சிந்தாமல் இருக்காது. சிக்கல் என்னவென்றால், நிஜமான லீக்குக்கும் இதே பதில்தான் கிடைக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச், பிரித்து விரித்த அட்டைப்பெட்டி, பழந்துணி, அரை நாள் பொறுமை இருந்தால் போதும்.

ரிப்பேருக்குப் பிறகு வரும் லீக்கில் நமக்கு ஒரு வசதி உண்டு. பல வருடம் ஓடிய வண்டியில் தானாகத் தொடங்கும் கசிவு எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். போன வாரம் வேலை பார்த்த வண்டியில் புதிதாக வருவது, பெரும்பாலும் கை பட்ட இடத்திலோ அதை ஒட்டியோதான் இருக்கும். எனவே வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன்னால், எதையெல்லாம் கழற்றினார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான். எனவே கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மேனுவலில் உள்ள கிரேடு ஆயிலை ஊற்றி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே மற்றதெல்லாம்.

மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் கவனியுங்கள். கேனில் மூன்றரை லிட்டர், இன்ஜின் கேட்பது மூன்று; மிச்சம் எதற்கு என்று மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவது பட்டறைகளில் சகஜம். அளவு மீறினால் இன்ஜினின் அடியில் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாய் வழியே ஆயில் வெளியே தள்ளும். பார்க்க லீக் மாதிரியே இருக்கும். இதற்கு இணைப்புகளை அடைக்கும் எந்த பேக்கிங்கையும் மாற்ற வேண்டாம், அதிகமானதை வடித்தால் சரியாகிவிடும்.

ஓடும்போது டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அது பிரஷர் இல்லை என்று சொல்லும் விளக்கு. "பட்டறை பக்கத்துத் தெருதானே" என்று ஓட்டிப் போனால், வாஷரில் முடிய வேண்டிய வேலை கிராங்க் பேரிங்கில் போய் நிற்கும். பானெட்டுக்குள்ளிருந்து எரிந்த வாடையோ புகையோ வந்தாலும் அப்படித்தான். புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுதியில் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) ஆயில் விழுகிறது என்று பொருள், தீப்பிடிக்கக்கூடிய விஷயம். இந்த இரண்டிலும் வண்டி டோ செய்துதான் போக வேண்டும்.

சொட்டுவது என்ன என்று பாருங்கள்

ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் சொட்டை எடுங்கள். நிறமே இல்லாமல் தண்ணீராக இருந்தால் ஏசி தண்ணீர், சிரித்துவிட்டுப் போய்விடலாம். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறத்தில் தண்ணீர் போல ஓடி, லேசாகத் தித்திப்பு வாடை அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். பெரும்பாலான ஆட்டோமேடிக் கியர் ஆயில் புதிதாக இருக்கும்போது சிவப்பு. மேனுவல் கியர் ஆயிலைக் கண்ணால் பிரிப்பது கடினம். மூக்கால் பிரிக்கலாம், கந்தக வாடை தூக்கலாக இருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் தேன் நிறத்தில், தண்ணீரைப் போல மெல்லியதாக வழிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை ஓட்டவே கூடாது.

இன்ஜின் ஆயில்தான் என்று தெரிந்துவிட்டால், பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல தடயம் கிடைக்கும். சர்வீஸில் ஆயில் மாற்றியிருந்தால் உள்ளே இருப்பது இன்னும் தேன் நிறத்தில் இருக்கும். தரையில் விழுந்த சொட்டும் தேன் நிறம் என்றால் அது இப்போது உள்ளிருந்து வருகிறது, நிஜமான லீக். சொட்டு கன்னங்கறுப்பாக இருந்து, டிப் ஸ்டிக்கில் இருப்பது தேன் நிறமாக இருந்தால், அது வடிக்கும்போது சிந்திய பழைய ஆயில். மெக்கானிக் சொன்னது சரி. டீசலில் இந்தச் சோதனை உதவாது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துவிடும்.

அடுத்த தடயம் தூசி. நம் சாலைகளில் பழைய கசிவு ஒருபோதும் ஈரமாக மட்டும் இருக்காது. மண்ணோடு சேர்ந்து விரல் நகத்தால் சுரண்டும் அளவுக்குக் கெட்டியாக அப்பியிருக்கும். புதிய கசிவு பளபளவென்று இருக்கும், அதன் பாதையில் இருந்த தூசியையும் கழுவிக்கொண்டு இறங்கியிருக்கும். அப்பிய மண்ணுக்கு நடுவே ஒரு சுத்தமான ஈரக்கோடு தெரிந்தால், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள்.

கழுவாமல் தேடாதீர்கள்

ஏற்கெனவே ஆயில் பூசிக்கிடக்கும் இன்ஜினில் லீக் தேடுவது வீண் வேலை. முதலில் துடைக்க வேண்டும். பல கார்களில் இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் அடிக்கவர் இருக்கும். ஆயில் அதில் தேங்கி, சம்பந்தமே இல்லாத ஒரு ஓட்டை வழியாகச் சொட்டும். இடது பக்கம் ஒழுகும் ஆயில் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுவதெல்லாம் இந்தக் கவரின் கைங்கர்யம். அதைக் கழற்றி, துடைத்து, சோதனை முடியும் வரை தனியே வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம்: ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்டு இல்லை என்றால், வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் குழி (பிட்) உள்ள வாட்டர் வாஷ் கடைக்குப் போய் ஒரு அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடுவார்கள். இன்ஜின் ஓடும்போது துண்டு, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

துடைப்பதற்கு பிரேக் கிளீனர் ஸ்பிரேயும் துணியும் போதும், இன்ஜின் ஆறிய பிறகு. பட்டறைகளில் பெட்ரோல் தொட்டுத் துடைப்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் அதைச் செய்யாதீர்கள். பிரஷர் வாஷ் செய்தால் ஆல்டர்னேட்டர், ஒயர் சாக்கெட்டுகள் மேல் தண்ணீரை நேராக அடிக்க விடாதீர்கள். ஆயில் லீக்கோடு மின்சாரத் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

துடைத்ததும் அட்டையை அடியில் விரித்து, முன்சக்கரம் இருக்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சொட்டு எதற்கு நேர் கீழே என்று பிறகு பொருத்திப் பார்க்கலாம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது: தரையில் இருக்கும் கறை உங்களுடையதா, உங்களுக்கு முன் அங்கே நின்ற பக்கத்து வீட்டுக்காரருடையதா என்ற பஞ்சாயத்து முடிந்துவிடும்.

பில்லைக் கையில் எடுங்கள்

பில்லில் உள்ள வேலைகளை வைத்து இனி சந்தேகப் பட்டியல். வெறும் ஆயில் சர்வீஸ்தான் நடந்தது என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் குறைவு: பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட், ஃபில்டர், ஆயில் ஊற்றும் மூடி, டிப் ஸ்டிக். கடைசி இரண்டும் கேலியாகத் தோன்றலாம். மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டதால் பானெட் அடிப்புறம் முழுக்க ஆயில் தெளித்த வண்டிகள் நிறைய உண்டு.

ட்ரெயின் போல்ட்டில் ஒரு செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதே மாதிரி அடைக்கும் என்று சொல்ல முடியாது. விலை மிகக் குறைவுதான், ஆனாலும் பழையதையே திரும்பப் போடுவது வழக்கம். அது கசிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள், அங்கேதான் ஆபத்து. சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அலுமினியமாக இருந்தால் போல்ட்டைவிட அது திருகி ஏறும் மரைதான் முதலில் போகும். சின்னக் கார்களுக்கு இந்த போல்ட்டின் இறுக்கம் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்; சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. நீளமான பைப்பை மாட்டி முழு பலத்தோடு இழுத்தால் அதைவிடப் பல மடங்கு போகும். மரை போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றுவது தீர்வாகாது. ஹெலிகாயில் (மரைக்குப் பதில் செருகும் கம்பிச்சுருள்) போட வேண்டும், இல்லையென்றால் சம்ப் மாற்ற வேண்டும்.

ஃபில்டர் விஷயத்தில் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இரட்டை ரப்பர். பழைய ஃபில்டரைத் திருகி எடுக்கும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் ஒரு ரப்பர் மேல் இன்னொரு ரப்பர் உட்காரும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஒன்றும் தெரியாது. ஆக்ஸிலேட்டர் மிதித்து பிரஷர் மூன்று நான்கு பாருக்கு ஏறும்போது மேல் ரப்பர் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் சாலையில் இருக்கும். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் பிதுங்கியோ இரண்டு கோடாகவோ தெரிந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். மாட்டும் முறையும் எளிது: ரப்பரில் புது ஆயில் தடவி, ரப்பர் உட்காரும் வரை கையால் திருகி, அதற்கு மேல் சுமார் முக்கால் சுற்று. எத்தனை சுற்று என்பது பெரும்பாலும் ஃபில்டரின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும்.

எல்லா வண்டியிலும் இப்படி முழுதாகத் திருகி மாட்டும் டப்பா வடிவ ஃபில்டர் இருக்காது. பழைய ஸ்விஃப்ட் டீசல், புன்டோ டீசல், இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட் மூன்றிலும் இருந்தது ஒரே 1.3 லிட்டர் ஃபியட் டீசல் இன்ஜின். அதில் பேப்பர் ஃபில்டர் ஒரு கூட்டுக்குள் உட்காரும், மேலே திருகு மூடி, அதில் ஓ ரிங் எனும் ஒரு ரப்பர் வளையம். ஃபில்டரோடு புது ஓ ரிங் வரும். அது அட்டைப் பெட்டியிலேயே தங்கிவிட்டுப் பழையது திரும்ப ஏறினாலோ, பள்ளத்தில் உட்காராமல் முறுக்கிக்கொண்டாலோ மூடியைச் சுற்றிக் கசியும்.

இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரைக் கழற்றியிருந்தால் அதன் ரப்பர் பேக்கிங்கைப் பாருங்கள். பள்ளத்தில் இருந்து நழுவி ஓர் இடத்தில் நசுங்கியிருக்கலாம், அடியில் பழைய பிசின் சுரண்டப்படாமல் இருக்கலாம். இந்த போல்ட்டுகள் சின்னவை, இறுக்கமும் குறைவு, பல இன்ஜின்களில் பத்து நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் பேக்கிங் வெளியே பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் என்றால் விரிசலே விடும். ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். அங்கே ஆயில் நின்றால் அந்தக் குழியைச் சுற்றி ஆயில் புகாமல் தடுக்கும் சீல் சரியாக உட்காரவில்லை. வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்திருக்கும்.

அப்புறம் நம் மெக்கானிக்குகள் அனபாண்ட் என்று பொதுவாகச் சொல்லும் சிலிக்கான் பேஸ்ட். சம்ப், டைமிங் செயின் கவர் போன்றவை பல இன்ஜின்களில் பேக்கிங்கே இல்லாமல் இந்த வகைப் பேஸ்ட்டால்தான் மூடப்படுகின்றன. அதனால் பேஸ்ட் போட்டாலே கள்ளவேலை என்று நினைக்க வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, காய நேரம் விட்டார்களா? மேலே சில நிமிடங்களில் தோல் கட்டும், ஆனால் முழுதாக இறுக ஒரு நாள் வரை ஆகலாம், டியூபில் எழுதியிருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஒட்டி, ஆறு மணிக்கு ஆயில் ஊற்றி, ஏழு மணிக்கு டெலிவரி என்றால் கசிவது ஆச்சரியமில்லை. இன்னொன்று, எவ்வளவு போட்டார்கள்? வெளியே தடிப்பாகப் பிதுங்கி நின்றால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். உள்ளே தொங்கும் துணுக்கு அறுந்து விழுந்தால் ஆயில் பம்ப்பின் ஜல்லடையில் போய் அடைக்கும். ஆயில் கசிவதைவிட இது பல மடங்கு மோசம். வெளியே விரல் தடிமனுக்குப் பேஸ்ட் வழிந்திருப்பதைப் பார்த்தால், லீக் இல்லாவிட்டாலும் சம்பைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லி வற்புறுத்துவேன்.

ஆயில் பிரஷர் சுவிட்ச் மாற்றியிருந்தால், அதன் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கி உள்ளே ஈரமா என்று பார்த்தால் போதும். டர்போ வேலை என்றால் ஆயில் திரும்பும் குழாயின் பேக்கிங். டைமிங் பெல்ட் வேலை என்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ள சீலும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் சீலும்.

சொட்டைப் பார்க்காதீர்கள், ஊற்றைப் பாருங்கள்

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எனவே ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அங்கேதான் ஊற்று இருக்கும். கீழே எவ்வளவு ஈரம் இருந்தாலும் மயங்க வேண்டாம்.

துடைத்த இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யாமல் ஓர் இரவு விடுங்கள். காலையில் அட்டையில் சொட்டு இருந்தால், ஆயில் தேங்கி நிற்கும் மட்டத்துக்குக் கீழே உள்ள இடம்: ட்ரெயின் போல்ட், சம்ப் விளிம்பு. அட்டை காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, சூடாகும் வரை ஐடிலில் விட்டு, இடையிடையே ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். ஓடும்போது மட்டும் வந்தால் பிரஷர் உள்ள இடங்கள்: ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், ஆயில் கூலர், டர்போவுக்குப் போகும் குழாய். டேப்பட் கவர் இரண்டிலும் சேராது. அங்கே பிரஷர் கிடையாது, ஓடும்போது மேலே தெறிக்கும் ஆயில் மெல்லக் கசிந்து இறங்கும். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சொட்டும்.

கசிவு மிக மெலிதாக இருந்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், ஆறிய இன்ஜினில் சந்தேகப்படும் இணைப்புகள் மேல் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். இருபது முப்பது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பரப்பில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். பெல்ட், ஏர் ஃபில்டர் பக்கம் மட்டும் தூவாதீர்கள். இதற்கும் பிடிபடாவிட்டால் யு.வி. டை: ஆயிலில் கலந்து, ஓட்டி, இருட்டில் யு.வி. டார்ச் அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

கை பட்ட இடமெல்லாம் காய்ந்திருந்து, ஒரே நேரத்தில் பல சீல்களில் ஈரம் என்றால் இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பி.சி.வி. வால்வையும் பிரீதர் குழாயையும் பாருங்கள். வேலை முடிந்து மாட்டும்போது குழாய் மடங்கியிருந்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியே ஆயிலைத் தள்ளும். சீல்களை மாற்றிக்கொண்டே போனாலும் இது நிற்காது.

கிளட்ச் மாற்றிய பிறகு வரும் லீக்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் செலவு. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஒரு சொட்டு தொங்கும். பார்த்தவுடன் "கிராங்க் பின் சீல் போயிடுச்சு, கியர் பாக்ஸை மறுபடி இறக்கணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். அந்தச் சொட்டுக்கு மூன்று ஊற்றுகள் இருக்கலாம். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், கியர் பாக்ஸ் பக்கம் உள்ள கிராங்க் பின் சீல் ஒன்று. இன்ஜினில் இருந்து கியர் பாக்ஸுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட்டின் சீலோ, சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டை உருவிச் செருகும்போது கிழிந்த சீலோ இன்னொன்று. இவற்றில் வருவது கியர் ஆயில், முகர்ந்தால் தெரியும். மூன்றாவது, பலரும் பார்க்காமல் விடுவது: மேலே டேப்பட் கவரின் பின் மூலையில் கசிந்து, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, அந்த இணைப்புக்கு வந்து சொட்டுவது.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. ஆறிய இன்ஜினில், கியர் பாக்ஸ் பக்கம் உள்ள ஹெட்டின் முதுகில் ஒரு டிஷ்யூவைச் சுற்றிய விரலை மேலிருந்து கீழாக இழுங்கள். கை நுழையாவிட்டால் போனைச் செருகி ஃப்ளாஷோடு வீடியோ எடுங்கள். டிஷ்யூ ஈரமானால் ஊற்று மேலே இருக்கிறது, கியர் பாக்ஸைத் தொட வேண்டாம். மேலே முழுக்கக் காய்ந்து, இணைப்பின் அடிப்பகுதி மட்டும் ஈரம், வாடையும் இன்ஜின் ஆயில் என்றால்தான் பின் சீல் மேல் சந்தேகம் போக வேண்டும். கூடவே கிளட்ச் வழுக்கினால் சந்தேகம் வலுக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள், அவர் தற்காப்பில் இறங்கிவிட்டால் உங்கள் வேலைதான் கெடும். போட்டோக்களை வரிசையாகக் காட்டுங்கள்: துடைத்த பிறகு, ஓர் இரவு நின்ற பிறகு, ஓட்டிய பிறகு. "அண்ணே, ஃபில்டர் மேல் விளிம்புல இருந்துதான் ஈரம் ஆரம்பிக்குது, கழட்டி ரப்பரைப் பார்த்துடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அங்கேயே கழற்றிப் பார்த்துவிடுவார்கள். ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர் என்றால் "ஆயில் லீக் செக்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த வேலைக்குப் பிறகு, எந்த இடத்தில், எத்தனை கிலோமீட்டரில் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அதே வேலையில் வந்த குறைக்கு லேபர் வாங்குவார்களா என்பதையும் கழற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

ஊற்று எது என்று உங்கள் கண்ணில் காட்டாமல் பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். "சிந்தடிக் ஆயில் ஊத்தினதால சீல் தின்னுடுச்சு" என்ற விளக்கத்தையும் அப்படியே வாங்க வேண்டாம். இன்றைய சிந்தடிக் ஆயில் நல்ல சீலைத் தின்பதில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த சீலை அடைத்துக்கொண்டிருந்த கசடு கரைந்து, பழைய கசிவு வெளியே தெரியலாம், அவ்வளவுதான். லீக் அடைக்கும் திரவங்களையும் தவிர்த்துவிடுங்கள். மாட்டிய விதத்தில் தப்பு இருக்கும்போது, ஆயிலில் எதையோ கலந்து சரிசெய்ய முடியாது.

சரிசெய்த பிறகு

இன்ஜினை மறுபடி துடைத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் ஈரம் அடுத்த வாரமும் உங்களைப் பயமுறுத்தும். அதே அட்டை, அதே இடம், ஓர் இரவு. அப்புறம் நூறு கிலோமீட்டரில் ஒரு முறை, ஐந்நூறில் ஒரு முறை டிப் ஸ்டிக். கசிவு நடந்த நாட்களில் ஆயில் எதன் மேல் விழுந்தது என்பதையும் கவனியுங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட் நனைந்திருந்தால் துடைத்து ஓட்டலாம் என்று விடாமல் மாற்றிவிடுங்கள். ஆயில் குடித்த ரப்பர் ஊறி, வெடித்து, எங்காவது நடுவழியில் அறுந்துபோகும். இன்ஜின் மவுண்ட்டின் ரப்பரையும் அந்தச் சாக்கில் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.